மணிக்கூண்டு எங்கப்பா?

மூணாவதோடு படிப்பை விட்டு, வாய்க்கால் வெட்டக் கூலிக்குப் போனவன் நான். அந்த நான் வலங்கைமான் பக்கத்தில் கட்டியது: ஒரு அரிசி ஆலை, அதை ஒட்டி நெல் காயப்போடக் களம், மாடி வீடு, எங்கள் மாதா கோயிலுக்கு மணிக்கூண்டு. "இவனாவது கட்டுறதாவது" என்று சிரித்தவர்களெல்லாம் இன்றைக்கு அந்த மணியைக் கேட்டுத்தான் சோறு வடிக்கிறார்கள்.

போன அறுவடையில், ரோட்டில் காய்ந்த நெல்லில் என் பைக் சறுக்கித் தலையில் அடி. களத்தில் இடமில்லை என்று ரோட்டில் கொட்டச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

தஞ்சாவூரில் ஐசியூவில் போட்டார்கள். தலைக்குள் லேசாக ரத்தம் கசிந்திருக்கிறது, கூடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பார்ப்பது ஒரு சிஸ்டர் பொண்ணு. மணிக்கொரு தரம் வரும். கண்ணில் டார்ச் அடிக்கும், கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லும்.

"உங்க பேர் என்னப்பா? இது எந்த ஊர்? தலை வலிக்குதா?"

"என்னைத் தெரியாதாம்மா உனக்கு?" என்று ஆரம்பித்து, ஆலையிலிருந்து மணிக்கூண்டு வரை வரிசையாகச் சொல்வேன். பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். வலி மட்டும் இல்லை என்பேன். இருந்தது. மூட்டை தூக்கியவன் ஒரு சின்னப் பொண்ணிடம் வலிக்கிறது என்று சொல்வானா?

மறுநாள் மத்தியானம் பேர் சரியாகச் சொன்னேன், ஊரும் சரி. ஆலை, களம், வீடு என்று முடித்தேன். அந்தப் பொண்ணு நகரவில்லை.

"மணிக்கூண்டு எங்கப்பா?"

"எந்த மணிக்கூண்டு?"

மறுபடி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கையோடு டாக்டரைக் கூட்டி வந்தது.

"நேத்திலேருந்து ஒரு தடவைகூட மணிக்கூண்டை விட்டதில்லை சார். இப்ப அப்படி ஒண்ணே தெரியாதுங்கிறாரு."

ஸ்கேனில் கசிவு கூடியிருந்தது. உடனே ஆபரேஷன். கொஞ்சம் தாமதித்திருந்தால் என் சாவு மணியை என் மணிக்கூண்டிலேயே அடித்திருப்பார்கள்.

கண் விழித்ததும் அந்தப் பொண்ணு முறைத்தது. "வலியை ஏம்ப்பா மறைச்சீங்க? பெருமை பேசுங்க, கேட்டுக்கிறேன். வலிச்சா அதையும் சொல்லணும்."

"வலிக்குதும்மா" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை.

வீட்டுக்கு அனுப்பும் அன்றைக்கு எல்லாரையும் கூப்பிட்டு அந்தப் பொண்ணைப் பாராட்டினார்கள். நானும் கை தட்டினேன். உயிரைக் காப்பாற்றியது அதுதான், மறுக்கவில்லை. ஆனால் மணிக்கூண்டைக் கட்டியது யார்? மணிக்கொரு தரம் சலிக்காமல் சொன்னது யார்? நான் வாய்மூடிக் கிடந்திருந்தால், விட்டுப்போனது என்ன என்று அது எப்படிக் கண்டுபிடித்திருக்கும்?

என் டிஸ்சார்ஜ் சீட்டில் 'நோயாளி அதிகம் பேசுகிறார்' என்று எழுதியிருக்கிறார்களாம், மகன் படித்துச் சொன்னான். அதை அடித்துவிட்டு, 'நோயாளி பேசியதால் பிழைத்தார்' என்று எழுதி, டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.