மேம்பாலத்தில் கார், மடியில் ஷூ

இன்று மாலை தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் ஷேர் ஆட்டோவில் இருந்தேன். எதிர் சீட்டில் ஓர் அப்பாவும் பள்ளிச் சீருடையில் அவர் மகளும். அவளுக்கு ஏழு வயதிருக்கும்.

தூறல் ஆரம்பித்ததும் அந்தக் குழந்தை சத்தமில்லாமல் ஷூக்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா எங்களைப் பார்த்துச் சிரித்தார். "போன வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி பூந்து இவ ஷூ அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு மேடம். அதுலேர்ந்து ரெண்டு சொட்டு விழுந்தா போதும், இந்த டிராமாதான்."

இரண்டு பேர் கூடவே சிரித்தார்கள். குழந்தை ஷூக்களை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பயந்தாங்கொள்ளி! கீழ போடுடி" என்று அதட்டினார்.

பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, டிரைவர் அவர் பக்கம் திரும்பி, "இன்னா சார், இன்னிக்கு கார் எடுத்துகினு வரலியா?" என்றார்.

"மழை வரும்னு நியூஸ்ல போட்டாங்கல்ல? காலைலயே மேம்பாலத்து மேல கொண்டுபோய் விட்டுட்டேன். அங்கன்னா வெள்ளம் வந்தாலும் தண்ணி ஏறாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், முதல்ல நீங்க போய் காரைக் கீழ இறக்குங்க. அப்புறம் அவ ஷூவை இறக்குவா."

இப்போது ஆட்டோவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"காரும் குழந்தையும் ஒண்ணா மேடம்?" என்று என்னிடமே கோபப்பட்டார்.

ஒன்று இல்லைதான். காருக்காவது இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

வானம் கறுத்ததும் மேம்பாலத்துக்கு வண்டியை ஓட்டும் நண்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை அந்த நேரத்தில் எதை மடியில் வைத்துக்கொள்கிறது? பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.