சிவப்புத் துணி கட்டிய முயல் கூண்டு

எங்கள் அப்பா தேயிலைக்கு மருந்தடிப்பவர். பதினெட்டு வருஷம் முதுகில் டேங்கைச் சுமந்தவர் என்பதால், உலகத்தில் எந்தப் பூச்சிக்கும் தன்னிடம் பதில் இருக்கிறது என்று அவருக்கு ஓர் எண்ணம். சோறு வடிக்கச் சொன்னால் கையைச் சுட்டுக்கொள்வார். ரேஷன் கார்டைத் தேடி மாதம் ஒருமுறை வீட்டைத் தலைகீழாக்குவார். ஆனால் மருந்தடிக்கும் காரியத்தில் மட்டும் அவரை யாரும் ஒரு சொல் குறை சொல்ல முடியாது. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எங்களைக் கவிழ்த்தது.

சேரம்பாடிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் தேயிலை விலை பாதாளத்துக்குப் போய்விட்டது. முதலில் வாரத்துக்கு நாலு நாள் வேலை என்றார்கள், பிறகு இரண்டு நாள் என்றார்கள், பிறகு எதுவுமே சொல்லவில்லை. ஃபேக்டரி சங்கு நின்றதில் எனக்கு மட்டும் ஒரு சௌகரியம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனால் “சங்கு ஊதலை டீச்சர்” என்று சொல்லிவிடலாம். லயத்து ஆட்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்த்த பெரியம்மா, அம்மாவையும் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள்.

அம்மா போகாமலிருக்க எங்களிடம் இருந்த ஒரே வழி முயல்கள். அம்மாவின் தம்பியான சின்ன மாமா, எஸ்டேட் மேனேஜரான துரையின் பங்களாவில் நாய்களைப் பார்த்துக்கொண்டவர். அவர் எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்த ஒரு ஜோடி பெருகிப் பதினொன்றாகியிருந்தது. கூடலூரில் ஹோட்டல்களுக்குக் கறி கொடுக்கும் ஒருவரையும் மாமாவே பேசி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார், பிடித்திருந்தால் மாதாமாதம் எடுப்பார் என்று ஏற்பாடு. அம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

“அவரு எடுத்துக்கிட்டா நான் இங்கனயே கெடக்குறேன். எடுக்கலைன்னா திங்கக்கிழமை பஸ்ஸு. அப்புறம் யாரும் அழுவக் கூடாது.”

யாரும் என்றது என்னைத்தான். அன்றிலிருந்து நான் முயல்களுக்குப் புல் அறுத்த வேகத்தை எஸ்டேட் பார்த்திருந்தால் எனக்கு முழு ஆள் சம்பளம் போட்டிருக்கும்.

இந்த நேரம் பார்த்து முயல்களுக்குக் காதில் சொறி வந்தது. காதுக்குள் தவிட்டு நிறத்தில் பொருக்கு அடைத்துக்கொள்ள, அவை பின்னங்காலால் ஓயாமல் பிராண்டி ரத்தம் வரவழைத்துக்கொண்டன. அம்மா தினமும் தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகும் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை.

மாமா ஒரு பாட்டிலோடு வந்தார். துரை நாய்களையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போய்விட்டதால் மாமாவுக்கு நாய் இல்லை, மருந்து மட்டும் மிச்சமிருந்தது. பாட்டிலில் நாய் படம். மற்றதெல்லாம் இங்கிலீஷ். அடித்த மறுநாளே நாய் மேலிருந்து உண்ணி பொலபொலவென்று உதிரும் என்றார்.

“நாய்க்கு ஒத்துக்கிட்டது முயலுக்கு ஒத்துக்காதா மச்சான்? சின்ன ஒடம்பு. ரெண்டு பீச்சு பீச்சுனா போதும்.”

அப்பாவுக்கு அந்த இரண்டு பீச்சு பிடிக்கவில்லை. தேயிலையில் செஞ்சிலந்தி என்று கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி வரும். இலையின் அடிப்பக்கமும் நனையாவிட்டால் அது திரும்ப வந்துவிடும் என்பது மருந்தடிப்பவர்களின் பாலபாடம். காதுச் சொறியும் அந்த மாதிரிப் பூச்சிதான் என்று அப்பா முடிவுகட்டினார்.

“அடிக்கிறதுன்னா முழுசா நனையணும் மாப்ள. அரைகுறையா அடிச்சா அடிக்காததுக்குச் சமம்.”

திங்கட்கிழமை காலையில் அடித்தார். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக எங்களை விரட்டிவிட்டு, ஒவ்வொரு முயலாகப் பிடித்துக் காதுக்குள், வயிற்றில், கால் இடுக்கில், விரல் சந்தில் என்று சொட்டச் சொட்ட அடித்தார். பிறகு சோப்புப் போட்டு இரண்டு தடவை குளித்தார். மருந்தடித்த காட்டில் சிவப்புத் துணி கட்டுவது எஸ்டேட் வழக்கம். அது இருக்கும்வரை யாரும் அங்கே கொழுந்து எடுக்கக் கூடாது, மாடு விடக் கூடாது. அப்பா என் பழைய பாவாடையில் ஒரு முழம் கிழித்துக் கூண்டுக் கம்பியில் கட்டினார். “தொணிய அவுக்குற வரைக்கும் ஒருத்தரும் கூண்டத் தொடக் கூடாது” என்றார்.

நாங்கள் தொடவில்லை. அவர் சொன்னதற்கு மேலாகவே ஒதுங்கி நின்று, குச்சியால் புல்லைத் தள்ளினோம். முயல்கள் மட்டும் உள்ளே உட்கார்ந்து நனைந்த உடம்பை நக்கித் துடைத்தன. தன் உடம்பு போதாதென்று பக்கத்து முயலின் முதுகையும் நக்கிவிட்டன. எவ்வளவு சுத்தமான பிராணி பாருங்கள் என்று மாமா பெருமைப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை காலையில் முதல்நாள் போட்ட புல் அப்படியே கிடந்தது. முயல் புல்லைத் தொடாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. எல்லாம் மூலையில் சுருண்டு கிடந்தன. நான் அம்மாவைக் கூப்பிடுவதற்குள் கறுப்புக் குட்டி ஒன்று வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில் விழுந்து கால்களை உதைத்தது. துணியாவது ஒன்றாவது என்று கூண்டைத் திறந்து கையில் எடுத்தேன். என் கையிலேயே அடங்கிப்போனது. எனக்கு முயலுக்காக அழுகை வரவில்லை. திருப்பூர் பஸ்தான் கண்முன் வந்தது, அதற்குத்தான் அழுதேன்.

மத்தியானத்துக்குள் மூன்று போய்விட்டன. மிச்சத்தில் ஒன்றைக் கொழுந்துக் கூடையில் போட்டுக்கொண்டு அப்பா மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். டாக்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். பாட்டிலைப் படித்துவிட்டு அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க, இது நாய்க்குங்க. முயலுக்கு வெசம். நீங்க நனைய நனைய அடிச்சிருக்கீங்க, அதுக நக்கி நக்கி உள்ள எடுத்திருக்குதுங்க. காதுச் சொறிக்கு முயலுக்குன்னு வேற ஊசி இருக்குது. அதையுமே எடை பாத்துத் துளியூண்டுதான் போடோணும்.”

வெதுவெதுப்பான தண்ணீரில் மிச்சமிருப்பதைக் கழுவி, துவட்டிக் கணப்பில் வைத்து, தனித்தனியாகப் பிரித்துப்போடச் சொன்னார். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“பொழைச்சா கறிக்குக் குடுக்கலாங்களா?”

“குடுக்காதீங்க. முயலுக்கு யாரும் இதக் குடுக்கறதே இல்லீங்களே. எத்தனை நாள்ல கறிய விட்டுப் போகும்னு எனக்கே சொல்லத் தெரியாது.”

என் இரண்டு காதிலும் தெளிவாக விழுந்தது. விழவில்லை என்று வைத்துக்கொள்ள பஸ்ஸிலேயே தீர்மானித்துவிட்டேன்.

அடுத்த மூன்று நாள் எங்கள் வீடு ஆஸ்பத்திரியாக இருந்தது. கழுவினோம், துவட்டினோம், அடுப்பைச் சுற்றிச் சாக்கு விரித்துப் படுக்கவைத்தோம். அம்மா கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். அப்பா விறகு பொறுக்கிவந்து போட்டார். இன்னும் மூன்று செத்தன. ஆனால் சனிக்கிழமை மாலை, மிஞ்சிய ஐந்தும் புல்லைக் கடித்தன. எண்ணெய் ஊறிப் பொருக்கும் உதிர்ந்து காதெல்லாம் பளிச்சென்று இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

“அஞ்சு போதும்க்கா, காட்டுறதுக்கு. நாம வாயத் தொறக்காட்டி அவருக்கு எப்படித் தெரியப்போவுது?” என்றார் மாமா. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் சத்தம் கேட்டதும், யாரும் சொல்லாமல் நானாகப் போய்ச் சிவப்புத் துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன். வந்தவர் ஒரு மலையாளத்துக்காரர், நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். வெள்ளை முயலைத் தூக்கிக் காதைப் பார்த்தார், முதுகைத் தடவி எலும்பைப் பார்த்தார். “கொள்ளாம். நல்ல எறச்சி உண்டு” என்றார்.

“சூக்கேடு ஒண்ணும் இல்லியே?” சீக்கு ஏதும் உண்டா என்று கேட்கிறார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல சேட்டா” என்றார் மாமா.

அப்பா அதுவரை வாசலில் உட்கார்ந்திருந்தார். கூண்டைப் பார்த்தார். துணி இல்லாத கம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேண்டாம் அப்பா, வேண்டாம் அப்பா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“மருந்து பட்ட முயலுங்க. ஆறு செத்துப்போச்சு. இதையும் திங்க வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு” என்றார் அப்பா.

வந்தவர் முயலைக் கீழே விட்டுவிட்டு வேட்டியில் கையைத் துடைத்தார். ஜீப் திரும்பிப் போன பிறகு, மாமா அப்பாவைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தபடி நடையைக் கட்டினார். எனக்கு மாமாவைப் போல முணுமுணுக்கத் தெரியாது. லயம் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

“முயலயும் நீங்கதான் கொன்னீங்க. அம்மாவயும் நீங்கதான் தொரத்துறீங்க.”

அப்பா அடிக்க வருவார் என்று நினைத்தேன். வந்தது அம்மா. அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். கன்னம் எரிந்ததைவிட, அவள் அவருக்காக அடித்தாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை அம்மா கிளம்பினாள். பஸ் வரும் வளைவில் பாதி லயமும் நின்றது. அப்பாவைத் திட்டாமல் ஒரு நாளைக் கழித்தறியாதவள், அன்று அப்பாவின் பக்கத்தில்போய் நின்று, அத்தனை பேர் பார்க்க அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்து நின்று, கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்டும் விடவில்லை. எங்களை எல்லாம் விட்டுப் போகும்படி செய்த ஆளை அவள் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஜன்னலிலிருந்து அவள் கையை ஆட்டினாள். நான் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.