வேப்பிலையும் 115 ஜெட்டும்: திருவள்ளூரிலிருந்து சோழவரம் வரை

போன மாதம் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. தாத்தா காலத்து 250 சிசி வண்டியைத் தூசி தட்டி ஓடவைத்திருக்கும் பிள்ளைகள் சிலர், "திருவள்ளூரிலிருந்து சோழவரம் வரை ஒரு நாள் ஓட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறோம், எந்த வழி நல்லது?" என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். 1974 பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை, நானும் என் அக்கா புருஷன் தேவராஜும் போன சுற்றுவழி. நேராகப் போனால் பாதி தூரம்கூட வராது. நாங்கள் ஏன் சுற்றினோம் என்பதுதான் கதை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் டர்னர் வேலை. தேவராஜ் மாமாவுக்குப் பெரியபாளையத்தில் வீடு, ஊருக்கு வெளியே ஆறு ஏக்கர் நெல். அவருக்கு இரண்டு பைத்தியம்: ஒன்று என் அக்கா வசந்தா, இன்னொன்று கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிள். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் வருடா வருடம் நடக்கும் பந்தயத்தில் அதை ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. முந்தின வருடம் ஓட்டினார். மூன்றாவது சுற்றில் இன்ஜின் இறுகி, வண்டி வைக்கோல் லாரியில் வீடு திரும்பியது.

அக்கா அன்றைக்குப் போட்ட நிபந்தனை எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "அடுத்த வாட்டி நீயே ஓட்டிக்கினு ஊட்டு வாசல்ல வந்து நின்னா, ஆயுசுக்கும் ரேஸுக்குப் போ, கேக்க மாட்டேன். லாரியில ஏத்திக்கினு வந்தே, அன்னிக்கே வித்துடணும். எங்க நைனா குட்த்த வண்டி சந்தி சிரிக்கிறதுக்கா?"

ஆக, ஜெயிப்பது எங்கள் கவலையே இல்லை. வண்டி தன் இன்ஜினில் தானே ஓடி வீட்டுக்கு வர வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். முந்தின வருடம் கீறிப்போன சிலிண்டரைக் கடைந்து கடைந்து, இனிமேல் கடைய முடியாத கடைசி அளவுக்கு வந்துவிட்டோம். அந்த அளவுக்கு மெட்ராஸ் முழுக்க அலைந்து கிடைத்தது ஒரே ஒரு பிஸ்டன். அது போனால் எல்லாம் போச்சு.

மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இன்ஜினோடு கிடந்தேன். புகை போகும் வாசலை ஒன்றரை மில்லிமீட்டர் உயர்த்தினேன், உள்ளே வரும் வழிகளை அரம் போட்டு வழவழப்பாக்கினேன், சிலிண்டர் மூடியான ஹெட்டை ஒரு மில்லிமீட்டர் கடைந்தேன். சைலன்சருக்குப் பதிலாகத் தகரக் கூம்புகளை ஒட்டி, வயிறு பெருத்த ஒரு குழாய் செய்து மாட்டினேன். ஏர் ஃபில்டரையும் அதன் மூடியையும் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வாயில் பூச்சி போகாமல் இருக்க ஒரு துண்டு கம்பிவலை. சத்தத்தைக் கேட்டுப் பக்கத்துப் பட்டறைக்காரர் என் முதலாளியிடம் இரண்டு முறை புகார் சொன்னார். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

மிச்சமிருந்தது ஜெட் பொருத்தம். ஜெட் என்றால் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஓட்டை போட்ட பித்தளைத் திருகு. எண் கூடினால் ஓட்டை பெரிது, பெட்ரோல் அதிகம். பெட்ரோல் அதிகமானால் வண்டி மந்தமாகும், அவ்வளவுதான். குறைந்தால் சூடேறிப் பிஸ்டன் உருகும். எது சரி என்று பார்க்க நீளமான நேர் ரோடு வேண்டும். அதற்காகத்தான் கும்மிடிப்பூண்டி வரை சுற்றினோம். மாலை ஐந்து மணிக்குள் சோழவரத்தில் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும், மறுநாள் பந்தயம்.

காலை 5.30-க்குத் திருவள்ளூரை விட்டோம். இன்ஜின் தேயாமலிருக்கப் பெட்ரோலில் விளக்கெண்ணெய் கலந்திருந்ததால் போகிற வழியெல்லாம் பலகாரக்கடை வாசனை. பெரியபாளையம் 28 கிலோமீட்டர், 6.25-க்குச் சேர்ந்தோம். அக்கா விடியற்காலையிலேயே பவானி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, ஒரு கொத்து வேப்பிலையோடு வாசலில் நின்றிருந்தாள். கைப்பிடியில் கட்டப்போனவளை மாமா தடுத்தார்.

"அங்க வாணாம் வசந்தா, ஒயர்ல மாட்டிக்கும்."

"அப்ப எங்கதான் கட்றது?"

"டேங்குக்குக் கீழ கட்டு."

டேங்குக்குக் கீழே ஃபிரேம் கம்பியில் மஞ்சள் கயிற்றால் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள். நான் பக்கத்தில் நின்று நாலாவது இட்லியைத் தின்றுகொண்டு பார்த்தேன். அம்மன் ஊரில் அம்மன் வேப்பிலையைக் கட்டாமல் யார் வண்டி கிளம்பும்? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

பெரியபாளையத்திலிருந்து புதுவாயல் 18 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் வயல், நடுவில் மாட்டு வண்டிகள், ஆகவே நிதானமாக 45 நிமிடம். புதுவாயல் கூட்டுரோட்டில் கல்கத்தா நெடுஞ்சாலை வந்து சேர்கிறது. அங்கே டீ பதினைந்து பைசா. டீக்கடைக்காரர் ஆந்திரப் பக்கத்து ஆள். எங்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னா நைனா, இம்மாம் டப்பு போட்டு வண்டி வாங்கி, சைலன்சர கழட்டிட்டு அண்டாவக் கட்டிக்கினு சுத்துறீங்க?" என்றார். மாமா சிரித்துச் சிரித்துப் புரையேறினார். எனக்குச் சுருக்கென்றது.

கும்மிடிப்பூண்டி நோக்கிய நேர் ரோட்டில் வேலையை ஆரம்பித்தோம். மைல்கல் பக்கத்தில் டூல்பாக்ஸோடு நான். மாமா புதுவாயல் பக்கமிருந்து முழு வேகத்தில் வந்து, என் முன்னால் கிளட்சைப் பிடித்து இக்னிஷனையும் அணைத்துவிட்டு உருண்டு வந்து நிற்பார். நான் உடனே பிளக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் பீங்கானின் நிறத்தைப் பார்ப்பேன். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளை என்றால் ஆபத்து. வறுத்த காப்பிக்கொட்டை நிறம் வந்தால் சரி.

115 ஜெட்டில் முதல் ஓட்டம். பிளக் கரி. பட்டறையில் போட்ட கணக்குப்படி 115-தான் சரியாக இருக்க வேண்டும். எனக்கு ஆச்சரியம். இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன், மறுபடியும் கரி. 110 போட்டேன், கொஞ்சம் தேவலை. 105 போட்டேன். பதினோரு மணிக்குக் காப்பிக்கொட்டை நிறம் வந்தது. ரோட்டோரத்திலேயே ஒரு குதி குதித்தேன். லாரி டிரைவர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "யாருக்குப்பா கொயந்த பொறந்துகீது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சந்தோஷத்தில் கும்மிடிப்பூண்டியில் சாப்பாடு. புதுவாயலிலிருந்து மொத்தம் 9 கிலோமீட்டர். மெஸ் வாசலில் ஒரு மரம்கூட இல்லை, நல்ல வெயில், ஒரு கீற்றுப் பந்தலின் நிழலில் வண்டியை நிறுத்தினோம். மீன்குழம்பில் மூழ்கி எழுந்து வெளியே வந்தால், ஒரு வெள்ளாடு எங்கள் வண்டிமேல் முன்காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கடைசி ஈர்க்கை மென்றுகொண்டிருந்தது. வேப்பிலைக் கொத்து முழுசும் காலி. மஞ்சள் கயிறு மட்டும் அதன் தாடையிலிருந்து தொங்கியது.

மாமாவுக்கு முகம் வாடிவிட்டது. "இன்னாடா மச்சான் இது, கெட்ட சகுனமா கீதே."

"ஆடு சாமிக்குத்தான் மாமா நேந்து வுடுறாங்க. அம்மனே வந்து பிரசாதத்த வாங்கிக்கினா மாதிரி நெனச்சுக்கோ" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று.

ஒரு மணிக்குத் தெற்கே திரும்பினோம், நான் பின்னால். ஆகா, என்ன ஓட்டம்! காலையில் இருந்த மந்தம் துளியும் இல்லை. திருகின திருகலுக்குச் சீறியது. மாமா காற்றில் கத்தினார்: "அம்மன் சக்திடா!" நானும் கத்தினேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் சாவதற்கு முன்னால்தான் இப்படி அழகாக ஓடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன்.

14 கிலோமீட்டர் தாண்டி, பஞ்செட்டிக்குப் பக்கத்தில், சத்தம் சட்டென்று மெலிந்து, பின்சக்கரம் கிறீச்சிட்டது. அதே நொடியில் இறுக்கம் விட்டுச் சக்கரம் சுழல, வண்டி அமைதியாக உருண்டு ஓரத்தில் நின்றது. எங்கள் ஒரே பிஸ்டன் சிலிண்டருக்குள் பிடித்துக்கொண்டுவிட்டது.

நான் இறங்கிய வேகத்தில் கத்தினேன். "மெதுவா போன்னு சொன்னா கேட்டியா மாமா? மூணு மாசம் பேஜாரு பட்டு செஞ்சதை அர அவருல கொளுத்திட்டியே!"

மெதுவாகப் போ என்று நான் சொல்லவே இல்லை. மாமா இடது கையை மட்டும் கிளட்ச் பிடியிலிருந்து மெல்ல எடுத்து விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டார்.

பக்கத்து வயலில் ஒரு பம்புசெட் கொட்டகை. நெல்லுக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்த விவசாயி ஒருவர் கேள்வி கேட்காமல் ஒரு கோணியை விரித்துக் கொடுத்தார். இன்ஜின் ஆற முக்கால் மணி நேரம் காத்திருந்து பிரித்தேன். பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. காலையில் காப்பிக்கொட்டை, அதே ஜெட், இப்போது வெள்ளை. எனக்குப் புரியவே இல்லை. கார்புரேட்டரைக் கழற்றித் திருப்பினேன். வாயில் இருந்த கம்பிவலையில் இரண்டு வேப்ப ஈர்க்கும் ஒரு காய்ந்த இலையும் ஒட்டியிருந்தன.

கோணிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டேங்குக்குக் கீழே தொங்கிய கொத்து, வண்டி ஓடும்போதெல்லாம் வலையில் போய் ஒட்டிக் காற்றைப் பாதி அடைத்திருக்கிறது. காற்று குறைந்ததால்தான் பிளக் கரி. நானோ வேப்பிலைக்குத் தகுந்த மாதிரி பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். ஆடு அதைத் தின்றதும் காற்று முழுசாக வந்தது, பெட்ரோல் போதவில்லை. என் 115 கணக்கு முதலிலிருந்தே சரி. பிளக்கைப் பார்த்த நான் வண்டியைப் பார்க்கவில்லை.

மாமாவிடம் சொன்னேன். அவர் கம்பிவலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப ஆடு மேல தப்பு இல்ல" என்றார். அதற்குமேல் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

பிஸ்டனைப் பார்த்தோம். ஒரு பக்கம் நகம் அகலத்துக்கு உருகி வழிந்திருந்தது, நல்லவேளையாக ரிங்குக்குச் சேதமில்லை. பிடித்த அந்த நொடியிலேயே மாமாவின் இரண்டு விரல் கிளட்சை இழுத்திராவிட்டால், பிஸ்டன் துண்டாகியிருக்கும், நாங்களும் ரோட்டில் தேய்ந்திருப்போம். நான் திட்டியது அந்தக் கையை. "மன்னிச்சுக்கோ மாமா" என்றேன். "மொதல்ல அரத்தை எடு" என்றார்.

மேடு தட்டிய இடத்தை மெல்லிய அரத்தால் தடவி, சிலிண்டரில் ஒட்டிய அலுமினியத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்து, பெட்ரோலில் கழுவி, 115 ஜெட்டை மாட்டினேன். 3.50-க்கு இன்ஜின் உயிர் பெற்றது. விவசாயி முதல்முறையாக வாயைத் திறந்தார்: "என் பம்புசெட்டையும் ஒருவாட்டி பாக்கிறியா தம்பி?" பத்து நிமிடம் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம். சோழவரம் 11 கிலோமீட்டர். ஊர்ந்து போய் 4.40-க்குப் பரிசோதனையில் நின்றோம்.

மறுநாள் எட்டுச் சுற்று, பதினான்கு வண்டிகள். நான் பந்தயத்தைப் பார்க்கவில்லை, கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு எங்கள் அண்டாவின் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறாவது சுற்றில் அது வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. பத்து நொடி கழித்து வந்தது. வழியில் விழுந்து கிடந்த ஒருவரைச் சுற்றி மாமா ஒதுங்கி வந்திருக்கிறார். முடிவில் ஆறாவது இடம். ஓடி முடித்ததே ஆறு வண்டிதான் என்பதை நான் யாருக்கும் வலியப் போய்ச் சொல்வதில்லை.

இனி உங்களுக்கு. அதே வழியில் போங்கள், மொத்தம் 80 கிலோமீட்டர். பெரியபாளையத்தில் ஆடி மாதத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் தவிர்த்துவிடுங்கள், கூட்டத்தில் நின்று நின்று இன்ஜின் கொதிக்கும். புதுவாயலுக்குப் பிறகு இன்றைய நெடுஞ்சாலையில் எங்களைப் போல இன்ஜினை அணைத்துப் பிளக் பார்க்கும் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், பின்னால் கன்டெய்னர் லாரி வரும். பந்தயம் நின்று பல வருடமாகிறது, ஓடுதளத்துக்குள் விடுவார்களா என்று முன்னமே விசாரியுங்கள். விளக்கெண்ணெயையும் சாதா ஆயிலையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், திரிந்து பிசினாகிவிடும். இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்சில் இருக்கட்டும். பிளக் நிறம் கணக்குக்கு ஒத்துவராவிட்டால், ஜெட்டைத் தொடுவதற்கு முன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். டீக்கடைக்காரரே சுற்றி வந்து பார்த்தார், எனக்குத்தான் தோன்றவில்லை.

வீடு சேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். பந்தயம் முடிந்து, ஒரு டீ குடிக்கக்கூடப் பொறுமையில்லாமல், ஜனப்பன்சத்திரம் வழியாக 23 கிலோமீட்டர். பொழுது சாய்வதற்குள் பெரியபாளையம். தெருமுனையிலேயே சத்தம் கேட்டு அக்கா வாசலுக்கு வந்துவிட்டாள். மாமா வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். அக்கா லாரி ஏதாவது பின்னால் வருகிறதா என்று தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு வண்டியை, மாமாவின் புழுதி முகத்தை, என் கரிக் கையைப் பார்த்தாள். நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னேன், ஒரே பிஸ்டன் என்பதையும், அது இப்போது அரம் போட்ட பிஸ்டன் என்பதையும். இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி, அடுத்த வருசத்துக்குப் பிஸ்டனு எங்கடா கெடைக்கும்?" என்றாள்.