பட்டன்ஹோல் ரதி

கொட்டாஞ்சேனையில் அடைக்கப்பன் முதலாளியின் தையற்கூடத்தில் ஒரு பள்ளிக்கூடச் சட்டையைத் தைத்து முடிக்க அரை மணி நேரம் போதும். ஆனால் வெட்டு மேசையில் ஏறிய துணி சட்டையாகி வெளியே போகப் பதினெட்டு நாள் எடுக்கும். இத்தனை நாள் எங்கே கிடந்தது என்று கேட்டால், எல்லோருடைய விரலும் ரதியைத்தான் காட்டும்.

ரதி ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். ஒன்பது வருடமாகப் பட்டன்ஹோல் மெஷின் அவள் பொறுப்பு. அங்கே தையல் மெஷின்கள் ஏழு, பட்டன்ஹோல் போட ஒன்றே ஒன்று. ஏழு பேர் தைத்துத் தள்ளுவதற்கெல்லாம் ஒருத்தி பொத்தான் துளை போட வேண்டுமென்றால், அவளுக்கென்ன பத்துக் கையா இருக்கிறது?

வேலை தேங்குகிறது என்றதும் முதலாளி என்ன செய்தார் தெரியுமா? இன்னும் இரண்டு தையல் மெஷின் வாங்கிப் போட்டார்! மேசை வெறுமையாகக் கிடந்தால் லட்சுமி தங்கமாட்டாள் என்பது அவர் நம்பிக்கை. நூறு நூறாகக் கட்டிய சட்டைகள் குவிந்து கிடந்தால்தான் அவருக்கு மனம் நிறையும். ரதி மத்தியானச் சோற்றைக்கூட மெஷினை விட்டு எழும்பாமல் தின்றாள்.

"மொதலாளி, இன்னொரு பட்டன்ஹோல் மெஷின் எடுங்க. அதுவரைக்கும் அவங்கள கொஞ்சம் மெதுவா தைக்கச் சொல்லுங்க."

"ஒனக்குக் கை ஓடலன்னா மத்தவங்க சும்மா குந்திக்கிட்டு இருக்கணுமா?" என்று எரிந்து விழுந்தார் அவர்.

ஜனவரிக்குக் கேட்டிருந்த பள்ளிக்கூட ஓடர் பிந்திப்போய்க் கைநழுவியது. மறுநாளே ரதியை வேலையிலிருந்து நிற்பாட்டினார். அந்த இடத்துக்கு வந்த துஷ்யந்தி ஒரு கிழமைக்குள் குவியலுக்குள் புதைந்து அழத் தொடங்கினாள். புதுப்பிள்ளைதானே என்று இரக்கப்பட்டு, முதலாளி இரண்டாவது பட்டன்ஹோல் மெஷினை எடுத்துக் கொடுத்தார். சட்டைகள் ஆறே நாளில் வெளியே போயின.

"ரதின்னு ஒருத்தி இருந்தா, சரியான ஸ்லோ. அவ போன பொறகுதான் கட உருப்பட்டுச்சு" என்று துணி எடுக்கப் போன இடமெல்லாம் சொல்லித் திரிந்தார். கேட்கிற நமக்கே வயிறு எரிகிறது.

மருதானையில் ஒரு தையற்கூடத்துக்கு ரதி வேலை கேட்டுப் போனாள். மனேஜர் ஹபீஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"கொட்டாஞ்சேனையில இருந்த ரதியா?"

"ஆமாங்க."

"எங்களுக்குக் கொஞ்சம் கெதியா வேல செய்ற ஆள்தான் வேணும், தங்கச்சி."

ரதி படியிறங்கி வரும்போது, தன் கை உண்மையிலேயே மந்தம்தானோ என்று அவளுக்கே தோன்றத் தொடங்கியிருந்தது.