ஞானசுந்தரி பிரித்த கியர்பாக்ஸ்

மழை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். இரண்டாவது பாடவேளையில் வேன் டிரைவர் முனுசாமி வேதியியல் ஆய்வகத்தின் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "கிளார்க்கம்மா காலைல எழுந்துக்கவே இல்லியாம் மேடம். நெஞ்சு வலிக்குதுன்னு கூட யாராண்டயும் சொல்லல" என்றார். நான் பர்னர்களை அணைக்கச் சொன்னேன். பிறகு மாணவிகளை ஒருமுறை எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று அப்போது தெரியவில்லை.

இந்தப் பள்ளியில் படித்த உங்களில் பலர் எங்கள் கிளார்க் ஞானசுந்தரியை அலுவலகச் சன்னலுக்குப் பின்னால் மட்டுமே பார்த்திருப்பீர்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தவர்களிடம், "அப்பா பேரையே தப்பா எழுதிக்கினு வந்தா நான் எந்தப் புள்ளைக்குக் குடுக்கறது?" என்று கேட்ட குரல் நினைவிருக்கும். அவருடைய அப்பா சுங்குவார்சத்திரத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்து இந்த வேலை கிடைக்கும் வரை ஞானம் அந்தப் பட்டறையில்தான் இருந்தார். பதினொரு ஆண்டுகள் ஒன்றாக வேலை செய்த எனக்கே இது தொண்ணூற்றொன்று பிப்ரவரியில்தான் தெரிந்தது.

அந்த மாதம் பள்ளி வேனில் மூன்றாவது கியர் நிற்காமல் போனது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கியர்க்கம்பி தானாக நியூட்ரலுக்குத் துள்ளும். முனுசாமி ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்தபடியே ஓட்டினார். வழக்கமாக வேனைப் பார்க்கும் பட்டறையில், புதுக் கியர்ப்பெட்டி வர ஒரு மாதம் ஆகும், அதுவரை வேனில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம் என்றார்கள். சேரப்பணஞ்சேரிப் பக்கத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் பதினொரு பேர் அந்த வேனில்தான் வந்தார்கள். செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் தந்தை பள்ளிக்கே வந்து, "வேன் வந்தா அனுப்பறேன். ரெண்டு பஸ் மாறி அனுப்ப மாட்டேன். படிச்ச வரைக்கும் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற தகப்பன்மாரும் அதே எண்ணத்தில் இருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

அன்று மாலை ஞானம் வேனில் முனுசாமிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "மிதிச்சா துள்ளுதா, கால எடுத்தா துள்ளுதா? மூணாவதுல மட்டுமா?" என்று கேட்டுக் கேட்டு இரண்டு முறை ஓட்டச் சொன்னார். பிறகு இறங்கி, கியர் எண்ணெயைப் பழைய வேட்டித் துணியில் வடித்தார். ஒடிந்த ஸ்பிரிங் துண்டொன்று துணியில் தங்கியது. "பெட்டி சாவல. ஸ்பிரிங் ஒடிஞ்சிருக்குது, பேரிங்கும் ஆடுது. பிரிச்சிடலாம்" என்றார். தாளாளர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். பள்ளிக்கு அருகில் சிமெண்ட் தரை போட்ட பின்கட்டு என் வீட்டில்தான் இருந்தது. புதன்கிழமை கியர்பாக்ஸ் அங்கே வந்து சேர்ந்தது.

பிரித்த ஒவ்வொரு பாகத்தையும் ஞானம் தரையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு இழுத்து எண் போட்டார். வியாழன் மாலைக்குள் பின்கட்டு முழுவதும் வட்டங்களும் கோடுகளுமாக நிறைந்தது. "கோலம் போட்டது பாதி வேலை, பூட்டற பாதிய நாளைக்கிப் பண்றேன்" என்று சிரித்தார். போகும்போது ஒன்று சொன்னார்: "பூட்டி முடிச்சப்புறம் மீந்து போச்சுன்னு ஒண்ணு வராது டீச்சர். வந்தா வண்டில கொறையுதுன்னு அர்த்தம்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளியன்று கழுவாத தரையில் விளக்கேற்றுவதில்லை. இருபது வருடப் பழக்கத்தில் என் கைகள் தாமாகவே வேலை செய்தன. எண்ணெய்ப் பிசுக்காக இருந்த பாகங்களையெல்லாம் அன்னக்கூடையில் அள்ளினேன். சோப்புத்தூள் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, முறத்தில் பளபளவென்று அடுக்கினேன். தரையையும் கழுவிவிட்டேன். உதவி செய்ததாகவே நினைத்தேன்.

காலை ஏழு மணிக்கு வந்த ஞானம் ஈரத் தரையையும் முறத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மகாலட்சுமி வர்றதுக்கு வழி பண்ணிட்டீங்க. கியர் வர்றதுக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் புடவையைச் செருகிக்கொண்டு முறத்தின் முன் உட்கார்ந்தார். ஒரு பல்சக்கரத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "எங்க தேஞ்சிருக்குன்னு பாருங்க. எது மேல ஒரசிச்சோ அதான் அதோட பக்கத்து வூடு." நானும் உட்கார்ந்தேன். பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அன்று முழுவதும் தேய்மானத்தைப் பார்த்துப் பார்த்தே ஒவ்வொன்றுக்கும் இடம் கண்டுபிடித்தோம். சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து முனுசாமி வாங்கி வந்த பேரிங்கும் ஸ்பிரிங்கும் சனிக்கிழமை காலை உள்ளே போயின. கையால் சுற்றிப் பார்த்தபோது நான்கு கியர்களும் ஒவ்வொன்றாகச் சரியாக விழுந்தன. சாயங்காலம் பெட்டி வேனில் ஏறிவிட்டது. ஞாயிறு காலை முனுசாமி வல்லக்கோட்டை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியரு பூ மாரி வுழுது மேடம்" என்று என் வாசலில் நின்று சொன்னார்.

அவர் போன பிறகு பாத்திரம் தேய்க்க நாரை எடுத்தேன். விரலில் ஏதோ குத்தியது. நாருக்குள் ஓர் எஃகுத் துண்டு சிக்கியிருந்தது, தீக்குச்சியில் பாதி நீளம்.

அது என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் வியாழக்கிழமை ஞானம் சொன்னது தெரியும். வேன் நன்றாக ஓடுகிறது, மறுநாள் தேர்வு, இவ்வளவு சிறிய துண்டால் என்ன ஆகிவிடும் என்றெல்லாம் ஓடியது மனம். இரண்டு முறை அவருக்கு வேலை வைத்தவள் என்ற பெயர் வேண்டாம் என்பதுதான், சொல்லாமல் விட நினைத்ததற்கு உண்மையான காரணம்.  பிறகு பதினொரு பேரின் முகங்களும் வரிசையாக நினைவுக்கு வந்தன. செருப்பை மாட்டிக்கொண்டு, ஞானம் ஞாயிறுதோறும் போகும் தேவாலயத்துக்கு நடந்தேன்.

ஆராதனை முடிந்து வந்த ஞானம், என் உள்ளங்கையிலிருந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரே சமயத்தில் இரண்டு கியர் விழுந்துவிடாமல் தடுக்கும் ஊசி அது. அது இல்லாமலும் வண்டி ஓடும். என்றைக்காவது அவசரத்தில் கியர் மாற்றும்போது இரண்டும் சேர்ந்து விழுந்தால், போகிற வேகத்திலேயே பெட்டி இறுகி, சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். இதை அவர் தாழ்ந்த குரலில்தான் விளக்கினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"கழுவுனது நீங்க. எண்ணாம மூடுனது நானு. கோடு போட்டவ எண்ணியும் வெச்சிருக்கணும். பாதிப்பாதி" என்றார். பிறகு, "வாங்க, சாப்ட்டுட்டுத் தொறக்கலாம். மேல்மூடிய மட்டும் கழட்டுனா போதும். முனுசாமி இன்னிக்கு என்னை இன்னா திட்டு திட்டப் போறாரோ" என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார்.

முனுசாமி திட்டத்தான் செய்தார். "பூ மாரி வுழுதுன்னு சொன்னேனே, அது பொறுக்கலியா உங்க ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டபடியே ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார். நாலு மணிக்கு ஊசி தன் இடத்துக்குப் போனது. இந்த முறை ஒவ்வொன்றையும் எண்ணி, எண்ணிக்கையை உரக்கச் சொல்லி மூடினோம். திங்களன்று பதினொரு பெண்களும் வந்தார்கள். முனுசாமி சொன்னார், அந்தத் தந்தை நிறுத்தத்தில் வேன் கண்ணிலிருந்து மறையும் வரை நின்றிருந்தாராம்.

ஞானத்தின் அடக்கத்துக்கு நாங்கள் அதே வேனில்தான் போனோம். பிரசங்கியார் அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசினார். அவர் பொறுமைசாலி அல்ல, சன்னலுக்கு முன் நின்றவர்களுக்கு அது தெரியும். தவறு நடந்த இடத்தில், யாரிடமானாலும் "பாதிப்பாதி" என்று தன் பங்கை முதலில் எடுத்துவைப்பவர். அதனால் அவரிடம் போய்ச் சொல்ல யாருக்கும் பயம் வரவில்லை. நான் அன்று நாரிலிருந்து எடுத்ததை எறிந்துவிடாமல் போனதும் அவர் அப்படிப்பட்டவர் என்பதால்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

போன வாரம் முனுசாமி வேனைத் திருப்பும்போது பள்ளி கேட்டில் உரசிவிட்டார். நீளமாக ஒரு கீறல். தலைமையாசிரியரிடம் போகுமுன் என்னிடம் வந்து, தலையைக் குனிந்தபடி சொன்னார். அன்று காலை கேட்டின் ஒரு கதவைச் சாத்தி வைத்தவள் நான்தான்.

"தெறந்து வெக்காதது நான். பாதிப்பாதி முனுசாமி. வாங்க, ரெண்டு பேருமே போய்ச் சொல்லலாம்" என்றேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, சாத்தியிருந்த ஞானத்தின் அலுவலகச் சன்னலைப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒன்றாக நடந்தோம்.