வெட்டாமல் விட்ட பேர்

ஹட்டன் அலுவலகத்தில் காலைத் தேநீர் ஆறுவதற்குள் லோஜினி அதைப் பார்த்துவிட்டாள். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டால் யுனிக்ஸ் சேர்வர் பெயர்களைச் சொல்லும். அதில் ஒரு பெயர் மதுரன். இதே அலுவலகத்தில் வேலை பார்த்து, மாசியில் கொட்டகலைப் பக்கம் பஸ் பள்ளத்தில் உருண்டபோது செத்துப்போன அவள் புருசன்.

தேநீரைக் குடித்து முடித்தாள். அந்த இணைப்பை அறுத்துவிட்டு, மேனேஜர் கணேசமூர்த்தியின் மேசைக்குப் போனாள்.

"சேர், அவரு கணக்குல யாரோ உள்ள வந்திருக்காங்க."

"எவரு கணக்குல?"

"எங்க வீட்டுக்காரரு."

கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். சுற்றுவட்டத் தேயிலைத் தோட்டங்களின் கொழுந்து நிறைக் கணக்கெல்லாம் அந்த மெஷினில்தான் இருந்தது.

"நிறையில கை வச்சிட்டானா?"

"இல்லைங்க சேர். நம்ம மெஷின வச்சு ஊரு உலகத்துக்கெல்லாம் குப்பை மெயில் அனுப்பியிருக்கான். அதுக்கு மேல ஏற முடியல."

சாதாரணக் கணக்கில் நுழைந்தவன் முழு அதிகாரத்துக்கு ஏறிவிடக்கூடிய ஓட்டை ஒன்று அந்தச் சிஸ்டத்தில் இருந்தது. அதற்கான திருத்தம் வந்த அன்றே அதை அடைத்தவள் லோஜினிதான்.

"பாஸ்வேர்ட் எப்பிடிக் கெடைச்சிச்சு?"

"அவரு வச்சிருந்தது என் பேரும் ஒண்ணு ரெண்டு மூணும்தான். லேசாக் கண்டுபிடிச்சிருப்பான்."

அவருக்குச் சிரிப்பு வந்து, வந்த வழியே போய்விட்டது. "ஜன்னலையெல்லாம் சாத்திட்டு வாசக்கதவத் தொறந்து வச்சிருக்கீங்களே லோஜினி. ஆளு போய் இவ்வளவு நாளாச்சு, ஏன் அழிக்கல?"

என்னவென்று சொல்வது? பூண்டுலோயாவில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். தோட்டத்து ஆள்பட்டியலான செக்ரோலில் பேர் வெட்டினால் குடியிருக்கும் காம்பராவும் கையை விட்டுப் போகும் என்பது அங்கே பாலோடு ஊட்டிய பயம். கம்ப்யூட்டருக்கு ஏது காம்பரா? தெரியும். அழிக்க விரல்தான் போகவில்லை.

"வருஷம் திரும்பட்டும்னு இருந்தேன் சேர்."

"இன்னிக்கே எடுத்துருங்க. இல்லேன்னா கொழும்பு ஹெட் ஆபீஸ்ல உங்க பேரையும் சேத்து எடுக்கச் சொல்லுவாங்க. வெளையாட்டுக்குச் சொல்லல."

எடுத்தாள். நிச்சயமா என்றுகூட யுனிக்ஸ் கேட்கவில்லை. நிறைக் கணக்குக்காக மதுரன் எழுதிய புரோகிராம்கள் மட்டும் மிஞ்சின. அவை இல்லாமல் வேலை ஓடாது. உரிமையாளர் என்ற இடத்தில் அவன் பெயருக்குப் பதில் இப்போது அவன் கணக்கின் வெறும் எண் நின்றது.

"அதான் பேரு போயிருச்சே, விட்டுருங்க," என்றார் கணேசமூர்த்தி.

"விட்டா அதுவும் ஓட்டைதாங்க சேர். புதுசா வர்ற ஆளுக்கு இதே நம்பர் விழலாம். விழுந்தா, அவரு வச்சதெல்லாம் கேக்காமலே அந்த ஆளுக்குச் சொந்தமாயிரும்."

மதுரனின் இடத்துக்குப் பிரதாப் என்றொருவன் மறுநாள் வேலைக்கு வருவதாக இருந்தது. கணேசமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்ப என்ன செய்யலாம்?"

"என் பேருக்கு மாத்திர்றேன்."

ஒரே வரிக் கட்டளை. திரை நெடுக லோஜினி, லோஜினி என்று வந்தது. அவள் அழவில்லை. அழுகை வருகிறதா என்று பார்த்தாள், வரவில்லை. பகல் சாப்பாட்டுக்கு எழுந்து போனாள்.

சாயங்காலம் காம்பராவில் மாமியார் பேச்சியம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல அவரு பேர வெட்டிட்டேன் அத்த."

பேச்சியம்மாவின் கை நின்றது. "அவன் வச்சிருந்ததெல்லாம்?"

"எம் பேர்ல இருக்கு."

"அப்பச் சரி," என்று ரொட்டியைத் திருப்பிப் போட்டாள் பேச்சியம்மா. "கையக் கழுவிட்டு வா."