மூணு பேர்

தேயிலைத் தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஆள் இல்லை, வேலை. முழு நாள் நின்றால் ஒரு பேர். மழைக்குப் பாதியில் அனுப்பிவிட்டால் அரைப் பேர். ஒருவர் “எங்க வீட்ல ரெண்டு பேர்” என்றால், செக்ரோல் என்கிற தோட்டத்துப் பதிவேட்டில் பதிந்து வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு என்று அர்த்தம். வயதாகி நின்றவர்களும் குழந்தைகளும் பள்ளிக்கூடம் போகிறவர்களும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பதுளை டவுனில் இது யாருக்கும் தெரியாது. டவுனில் தெரியாது என்பது என் அப்பாவுக்குத் தெரியாது.

அறுபதுகளின் கடைசியில், எந்த நாட்டுக் குடியுரிமை, இந்தியாவா இலங்கையா என்று தோட்டமே மனுப் போட்டுக்கொண்டிருந்தது. அம்மாவின் அண்ணன்மார் திருச்சிப் பக்கம் இருந்ததால் அப்பா இந்தியாவுக்கே போடுவது என்று முடிவு செய்து, பதுளையில் கடை வாசலில் மேசை போட்டு மனு எழுதுகிற ஒருவரிடம் போனார். நான் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என்னைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. பையன் பேரைப் பதியலையா என்று கங்காணி கேட்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு நோயைச் சொல்லித் தட்டிக்கழித்தார். அவர் சொன்னதைக் கேட்டால் எனக்கு வராத வியாதியே கிடையாது.

வீட்டில் எத்தனை பேர் என்று மனு எழுதுகிறவர் கேட்டிருக்கிறார். மூணு பேருங்க என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர், அம்மா, அக்கா. கைநாட்டு வைத்துவிட்டு, எனக்கு ஒரு மைக்கூடும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வந்து சேர்ந்தார்.

நாலைந்து வருஷம் கழித்து, இந்தியப் பிரஜைகளாக ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். மூன்று பெயர் இருந்தது. இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று உறையை உதறிப் பார்த்தேன். அப்பா அன்று டவுனில் நடந்ததை அப்படியே சொன்னார். சொல்லி முடித்த பிறகும் எங்கே பிழை என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. நான் என்ன இந்த வீட்டு ஆள் இல்லையா என்று கத்தினேன். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு மாதத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அப்பா கண்டிக்கு இரண்டு தரம் போய் இந்தியத் தூதர் அலுவலகத்தில் காத்துக்கிடந்து வந்தார். எனக்குப் புதிதாக மனுப் போட வேண்டும், அதுவரை மற்றவர்களின் பயணம் நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். செக்ரோலில் மூவரின் பேரையும் வெட்டினார்கள். வேலைக்கு ஆள் இருந்தால்தான் கிடைக்கிற லயத்து அறை, அந்த வரிசை வீடு, பறிபோகாமல் இருக்க என் பேரைப் பதிந்தோம். அப்பா அத்தனை வருஷம் என்னை அனுப்பாமல் தட்டிக்கழித்த காலைப் பெரட்டில், அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க மற்ற ஆட்களோடு நானும் வரிசையில் நின்றேன்.

பதுளை ஸ்டேஷனில் கோச்சி புறப்படுகிற நேரம். அக்கா ஏறி உட்கார்ந்துவிட்டாள். அம்மா வாசலில் நின்றபடி அப்பாவைப் பார்த்து, “பொண்ண நான் பாத்துக்கிறேன். பையன் ஒத்தையில என்ன செய்வான். நீங்க இருங்க” என்றாள்.

அப்பா மூட்டைகளை ஏற்றிவிட்டு இறங்கினார். யோசித்ததாகவே தெரியவில்லை. கோச்சி போன பிறகு, பசிக்குதா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன்.

என் புது மனுவுக்கு ஒரு பதிலும் வராமலே ஆறு வருஷம் போனது. அம்மா இறந்துபோனதாக அக்கா எழுதியிருந்தாள். நான் வாசிக்கக் கேட்டுவிட்டு அப்பா அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்தார்.

அதற்குள் எனக்குக் கல்யாணமாகி ஒரு மகளும் இருந்தாள். நானும் மனைவியும் மலைக்கு வேலைக்குப் போய்விடுவோம். பிள்ளையைக் குளிப்பாட்டுவது, தலை பின்னுவது, சோறாக்குவது எல்லாம் அப்பாதான். இந்தியக்காரராகிவிட்ட அவர் இங்கே தங்க இருந்த விசா எப்போதோ முடிந்திருந்தது. அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். கீழே ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் அவர் தேயிலைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வார். யாராவது வந்து கேட்டால் மகள் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிக்கொடுத்தார். வீட்ல எத்தன பேர் என்று கேட்பார். மூணு பேர் என்பாள். சரியாகச் சொன்னால் வறுத்த கடலை கிடைக்கும். இருவரும் அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவரை நாலாவது ஆளாகச் சேர்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

ஒரு மார்கழி மழையில் ஜீப் வந்தது. மத்தியானம் வரை அவர் தேயிலைக்குள் நனைந்துகொண்டிருந்தார். ஸ்டோரில் தேயிலைத்தூள் களவு போனதை விசாரிக்க வந்த ஜீப் அது என்று பிறகுதான் தெரிந்தது. அன்று பிடித்த காய்ச்சல் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் பேர் கேட்பார்கள் என்று வர மறுத்தார். நானும் இழுத்துக்கொண்டு போகவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் தவறிவிட்டார். எழுபதைத் தாண்டியிருக்கும்.

தப்படித்தார்கள், குழி வெட்டினார்கள், அவர்கள் சொன்னதையெல்லாம் நான் செய்தேன். அழுகை வரவில்லை. மூன்றாம் நாளே பெரட்டுக்குப் போனேன். கங்காணி முழுப் பேர் போட்டார்.

அடுத்த மாதம் கிராமசேவகர் வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தார். வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

“மூணு பேர்” என்றாள்.

நான் உள்ளேயிருந்து வந்து, “நாலு பேர்னு எழுதுங்க” என்றேன்.

நாலாவது யார் என்று கேட்டார். எங்கப்பா என்றேன். எங்கே என்று கேட்டார். போன மாதம் தவறிவிட்டார் என்றேன். அவர் மூன்று என்று எழுதிக்கொண்டு பக்கத்துக் குடும்பத்தின் அறைக்குப் போனார்.

மகள் என் முகத்தைப் பார்த்து, பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டாள். இல்லை, சரியாகத்தான் சொன்னாய் என்றேன். அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வீட்டில் கடலை இல்லை.